ரமீஸின் குரலில் என் மகள்

என் மகள் ரக்ஷனாவுக்கு ஆண்குரல். கொஞ்சம் கரகரப்பு, நிறைய சிகரெட், அதிராம்பட்டினத்து இழுவை. வயது இன்னும் மூன்றுகூட ஆகவில்லை. அவளை எனக்கு அப்படித்தான் தெரியும். ஏனென்றால் அவள் வாய் திறந்து பேசிய எதையும் நான் என் காதால் கேட்டதில்லை. அவள் போனில் பேசுவதை என் அறைக்கூட்டாளி ரமீஸ் கேட்டு எனக்குத் திருப்பிச் சொல்வான். அவனுக்குத் தவில் மாதிரித் தொண்டை. அது எனக்குக் கேட்கும்.

உன் மகள் கிளி மாதிரிப் பேசுகிறாள் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள். காய்கறி வண்டிக்காரன் கேட்டிருக்கிறான். பெற்றவன் நான் ஒருவன்தான் பாக்கி. எனக்கு வேறு ஆசையே இல்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்கு மாடி எடுக்க ஆசை, இலக்கியாவுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கித் தர ஆசை. அவையெல்லாம் வரிசையில் பொறுமையாக நிற்கிற ஆசைகள். இது அப்படியில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. ஒரே ஒரு தடவை அவள் குரலை அவள் குரலாகவே கேட்டுவிட வேண்டும்.

நான் ரகுபதி. அறந்தாங்கிப் பக்கம். சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் கிரைண்டர் பிடிக்கிறேன். கப்பலின் வயிற்றுக்குள் டேங்க் இருக்கும். இரும்புச் சுவர், இரும்புத் தரை, இரும்புக் கூரை. அதற்குள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் துருவைத் தேய்த்தால் எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால், ஓர் எவர்சில்வர் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அதன் மேல் பக்கத்து வீட்டுக்காரனைச் சுத்தியலால் அடிக்கச் சொல்லுங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்தாமல் அடிக்கச் சொல்லுங்கள்.

கப்பல் கொரியாவில் கட்டியது. முதலாளி கிரீஸ்காரர் என்பார்கள், யாரும் பார்த்ததில்லை. பின்பக்கம் பனாமா என்று எழுதியிருக்கும். எங்கள் டேங்க் தயாரான மறுநாளே அது எந்தத் தேசத்துக்கோ சரக்கு ஏற்றப் போய்விட வேண்டும், தாமதமானால் எந்த ஊரிலோ யாருக்கோ கோபம் வரும். அந்தக் கோபம் நாடு நாடாக இறங்கி, கடைசியில் எங்கள் போர்மேன் வாய்வழியாக எங்களிடம் வந்து சேரும். இத்தனை தேசத்தார் கூடிச் செய்கிற காரியத்தில் அறந்தாங்கியிலிருந்து போனது என் காது.

காதில் செருகிக்கொள்ள இயர் பிளக் தராமல் இல்லை. கூடை கூடையாகத் தருவார்கள். போடாதவனுக்கு ஏச்சும் உண்டு. ஆனால் டேங்குக்குள் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டவனுக்கு மேலிருந்து வரும் 'ஏய்!' கேட்காது. மேலே ஒருவன் கைதவறி ஸ்பானரை விட்டால், கயிறு நழுவினால், காற்று ஊதும் மெஷின் நின்றுபோனால், எங்களைக் காப்பாற்ற இருந்தது அந்த ஒரு 'ஏய்!'தான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒரு காது கம்பெனிக்கு, ஒரு காது உயிருக்கு. கம்பெனிக் காதில் பிளக் இருக்கும், உயிர்க் காது திறந்திருக்கும். அது மட்டுமா? ஒரே காதுக்கு ஓரவஞ்சனை செய்யக் கூடாதென்று வாரம் மாற்றி வாரம் காதை மாற்றிக்கொண்டோம். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள். ஒரு காதாவது மிஞ்சியிருக்க வேண்டியது, இரண்டும் சமமாகப் போய்ச் சேர்ந்தது.

முழுச் செவிடு என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்கள் பேசுவது பெரும்பாலும் கேட்கும். லாரி கேட்கும், இடி கேட்கும், போர்மேன் நன்றாகவே கேட்கும். மெல்லிய ஓசைகள்தான் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போயின. முதலில் போன் மணி. பிறகு மைனாக்கள். மரத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும், கொட்டாவி விடுகிறதோ என்று தோன்றும். இலக்கியா பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். கல்யாணமானவனுக்கு எப்படியும் பாதி ஊகம்தானே.

குழந்தையை ஊகிக்க முடியவில்லை. அவள் குப்புற விழப் பழகும் முன்பே நான் விமானம் ஏறிவிட்டேன். ஊருக்குப் போகலாம் என்று நினைக்கும்போதெல்லாம் ஒரு கப்பல் வந்து நிற்கும். ஒருநாள் இலக்கியா, 'உங்க மக பேசிட்டா' என்று எழுதி, அந்தக் குரலையும் பதிவு செய்து அனுப்பினாள். போனைக் காதோடு காதாக அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டேன். மின்விசிறி சுற்றுவது கேட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன். விசிறிதான். பக்கத்துக் கட்டிலில் இருந்த ரமீஸிடம் நீட்டினேன்.

"என்னடா மச்சான் கேக்குது?"

அவன் காதில் வைத்தான், கண்ணைச் சுருக்கினான், பிறகு சிரித்தான். "அப்பாங்குது மாப்ள."

என் மகள் முதல்முதலாக என்னை அப்பா என்று கூப்பிட்டது ரமீஸின் வாயால். அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவன்தான் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் லிட்டில் இந்தியாவுக்குப் போவோம். எல்லாரும் ஊரோடு பேச அமைதியான மூலை தேடுவார்கள், நான் தேக்காச் சந்தை வாசலிலும் ரேஸ் கோர்ஸ் சாலைக் கூட்டத்திலும் போய் நிற்பேன். கடைப் பாட்டும் பேருந்தும் ஜனங்களின் இரைச்சலும் கலந்து அங்கே யாருக்குமே எதுவும் கேட்காது. காது கேட்காதவன் நிம்மதியாக மூச்சு விட அதைவிட நல்ல இடம் சிங்கப்பூரில் கிடையாது. "இங்க ஒரே சத்தம் இலக்கியா, ஒண்ணும் கேக்கல" என்றால் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

திரையில் ரக்ஷனா வருவாள். கண்ணில் வழியும் முடியை ஒதுக்காமல் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். ரமீஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று போனின் மேல் சாய்ந்து கேட்டு, என் காதருகே சொல்வான்.

"அப்பா, எனக்குப் பெரிய பொம்ம வேணும்."

"சரிடா தங்கம், வாங்கித் தர்றேன்."

"அப்பா, நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்டா, நீ சாப்ட்டியா?"

அவள் சில சமயம் முகத்தைச் சுளிப்பாள். இலக்கியா போனை வாங்கிக்கொண்டு கேட்பாள், "அவ ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு சொல்றீங்களே, என்னங்க? அதென்ன, எப்பப் பாத்தாலும் பின்னாடி ரமீஸ் அண்ணன்? பெத்த புள்ளகிட்ட பேசக்கூட ஒரு ஆளு வேணுமா ஒங்களுக்கு?"

"சிக்னல் சரியில்ல புள்ள" என்பேன். சிங்கப்பூரில் சிக்னல் சரியில்லை என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். வருஷம் ஒருமுறை எங்களுக்குக் காது டெஸ்ட் உண்டு. பட்டறைக்குள் ஒரு வேன் வந்து நிற்கும், உள்ளே கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்னப் பெட்டியறை. அதில் உட்காரவைத்து ஹெட்போனைக் காதில் மாட்டி ஓசை அனுப்புவார்கள், கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். தவறியவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று விடுதியில் பேச்சு. அப்படி அனுப்பப்பட்ட ஒருவனையும் நாங்கள் கண்டதில்லை, ஆனால் பயத்துக்குச் சாட்சி தேவையா?

ரமீஸ்தான் எனக்கு வழி சொல்லித் தந்தான். "காத நம்பாத மாப்ள, கண்ணாடிய நம்பு. டெஸ்ட் எடுக்குற புள்ள வெளிய சுவிட்ச அமுக்குறப்ப தோளு லேசா அசையும், கண்ணாடியில தெரியும். அப்ப நீ அமுக்கு. ஒவ்வொரு தடவையும் அமுக்கிடாத, நடுவுல ஒண்ணு ரெண்ட விட்டுரு, நம்புவாங்க." போன வருஷம் அப்படியே செய்தேன். முதல் தரத்தில் பாஸ். அந்தத் தாளை நம்பினால் எறும்பு நடப்பது எனக்குக் கேட்க வேண்டும்.

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு வரும்? ரமீஸ் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போனான். "வர்ற வரைக்கும் சமாளிச்சுக்க மாப்ள, சின்னப் புள்ளதானே, எல்லாத்துக்கும் தலைய ஆட்டு, சந்தோசமாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தலையை ஆட்டினேன். அந்த மாதம் முழுக்கத் தஞ்சாவூர்ப் பொம்மை என்னிடம் தோற்றது. ரக்ஷனாவுக்கோ ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது, போனைப் பிடுங்கிக்கொண்டு வேறு அறைக்கு ஓடிவிடுவாள். அங்கே கதவு மூலையில் உட்கார்ந்துகொண்டு, மூக்கு திரையில் முட்டும்படி வைத்து ரகசியமாக என்னிடம் ஏதோ கேட்பாள். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். அவள் மறுபடியும் கேட்பாள், நான் இன்னும் பலமாக ஆட்டுவேன். அவள் குதிப்பாள். பிள்ளை குதிப்பதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அடுத்த ஞாயிறும் அதையே கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறும்.

அவள் பிறந்தநாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு சிராங்கூன் சாலைக்குப் போய், ஒரு கடையில் தே தாரிக் என்கிற பால் டீ வாங்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கேக் வெட்டுகிற மும்முரம் என்று நினைத்தேன். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தே ஆறி ஏடு கட்டியது. அப்புறம் ஒரு படம் வந்தது. ரோஸ் நிறக் கவுனோடு ரக்ஷனா பாயில் சுருண்டு தூங்குகிறாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்த தடம். பின்னால் மேஜையில் வெட்டாத கேக்.

படத்துக்குக் கீழே இலக்கியா எழுதியிருந்தாள்.

'காலைலேருந்து பஸ் சத்தம் கேக்குறப்பல்லாம் ரோட்டுக்கு ஓடுறா. அப்பா வந்தாத்தான் கேக் வெட்டுவேன்னு ஒரே அழுக. யாருடி சொன்னா அப்பா வருதுன்னு கேட்டா, நான் வருவியான்னு கேட்டேன், அப்பா தலைய ஆட்டுச்சுங்குறா. வராதவரு எதுக்குத் தலைய ஆட்டுனீங்க?'

நான் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் அத்தனை கூட்டம், எல்லார் வாயும் அசைகிறது. என்ன பதில் எழுதுவது? வேலை, கப்பல், லீவு கிடைக்கவில்லை என்று ஆரம்பித்து அழித்தேன். மறுபடி ஆரம்பித்து மறுபடி அழித்தேன். கதவு மூலையில் மூக்கை முட்டிக்கொண்டு அவள் கேட்டது இதைத்தானா? இதற்கா நான் அப்படிச் சிரித்தேன்? கடைசியில் எழுதினேன்.

'எனக்குக் கேக்கல இலக்கியா.'

'என்னது கேக்கல?'

'அவ பேசுறது. காது போச்சு.'

எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

'எவ்வளவு நாளா?'

'அவ பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து.'

கடைக்காரர் மேஜையைத் துடைக்க வந்தார், எழுந்து தெருவுக்கு வந்து ஒரு தூணோரம் நின்றேன். இலக்கியா அழுதிருப்பாள். அழுகை முடிந்ததும் அவள் எப்போதும் சண்டைக்கு வருவாள். அப்படியே வந்தாள்.

'அப்ப இத்தன நாளா எங்களுக்குப் பதில் சொன்னது ரமீஸ் அண்ணனா? நல்லாருக்குங்க ஒங்க குடித்தனம்.'

உடனே அடுத்தது.

'வருஷா வருஷம் காது டெஸ்ட் வருமுன்னு முன்ன சொன்னீங்கள்ல. உள்ளதச் சொல்லுங்க. வேல போனாப் போவட்டும், இங்க வந்து எதாவது பாத்துக்கலாம். மிச்சமிருக்குற காதும் போச்சுன்னா நான் யாருகிட்டங்க கத்துறது?'

தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழியச் சிரித்தேன். போனவர் வந்தவரெல்லாம் நான் குடித்திருக்கிறேன் என்று விலகிப் போனார்கள்.

வேன் வந்தது. டெஸ்ட் எடுக்கிற பெண்ணின் பெயர் மயூரா, சட்டைப்பையில் குத்தியிருந்தது. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்று ஒருமுறை ரமீஸிடம் சொல்லியிருக்கிறாளாம். முகத்தைப் பார்த்து நிறுத்திப் பேசுவாள், அது எனக்கு வசதி.

"அண்ணா, உள்ள உக்காருங்க. சவுண்ட் கேட்டா பட்டன் ப்ரெஸ் பண்ணுங்க. ரொம்ப சின்னதா கேட்டாலும் ப்ரெஸ் பண்ணிடுங்க, ஓகேவா?"

கதவைச் சாத்தினாள். எதிரே கண்ணாடி. அதில் அவள் தோள் தெளிவாகத் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கை பழக்கதோஷத்தில் பட்டனைத் தேடித் துடித்தது, அடக்கினேன். முதலில் தாழ்வான ஓசை வந்தது, அமுக்கினேன். இன்னொன்று வந்தது, அமுக்கினேன். பிறகு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் அவள் அனுப்பிக்கொண்டுதான் இருப்பாள் என்று தெரியும். என் பக்கத்துக்கு எதுவும் வந்து சேரவில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் என் மகள் இருக்கிறாள் என்று நினைத்தேன். அங்கே நின்றுகொண்டு அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அவளிடம் ஓட வேண்டும்போல் இருந்தது, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. "அண்ணா, தூங்கிட்டீங்களா?"

"இல்ல மேடம். முழிச்சுத்தான் இருக்கேன்."

திரையைத் திருப்பிக் காட்டினாள். போன வருஷத்துக் கோடு மேலே நேராகப் போனது. இந்த வருஷத்துக் கோடு கொஞ்ச தூரம் நடந்து, பிறகு பள்ளத்தில் விழுந்துவிட்டது.

"போன வருஷம் பேபி மாதிரி காது உங்களுக்கு. ஒரே வருஷத்துல இவ்ளோ டிராப் ஆகாதுலா." என் முகத்தைப் பார்த்தாள். "கண்ணாடிதானே?"

நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"உங்க டீம்ல எல்லாரும் பாஸ். எவ்ரி இயர் பாஸ். எல்லாருக்கும் சூப்பரா கேக்குதுன்னா, அந்த டேங்க்குள்ள சத்தமே இல்லன்னுதானே அண்ணா பேப்பர்ல வரும்? அப்புறம் யாரு வந்து எதை மாத்துவாங்க?"

"ஃபெயிலானா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம் மேடம்."

"அனுப்ப மாட்டாங்கன்னு நான் ப்ராமிஸ் பண்ண முடியாது. பட் இத நான் அப்படியே எழுதத்தான் போறேன்." பிறகு கொஞ்சம் தணிந்து கேட்டாள், "ஏன் அண்ணா இந்த வருஷம் மட்டும் கண்ண மூடிக்கிட்டீங்க?"

"மக பேச ஆரம்பிச்சிருக்கு மேடம். கேக்கணும்."

அவள் தாளை இழுத்து வைத்துக்கொண்டாள். எழுத ஆரம்பித்தாள். இயர் பிளக் போடுகிறோமா என்று விசாரித்தாள், ஒரு பக்கம்தான் என்றதும் ஏன் என்று கேட்டாள். சொன்னேன். "ஓ மை காட்" என்று அதையும் எழுதிக்கொண்டாள்.

ரமீஸ் கல்யாணம் முடிந்து மஸ்கோத் அல்வாவோடு திரும்பி வந்தான். அவனுக்கும் டெஸ்ட் பாக்கியிருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அல்வா டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். மறுநாள் வேனுக்குப் போனவன் வெகுநேரம் கழித்து வந்தான். முகம் சரியில்லை.

"நானும் கண்ண மூடிட்டேன் மாப்ள."

"என்ன சொன்னாங்க?"

"ஒன்னவிடக் கொஞ்சம் தேவல. கொஞ்சந்தான்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடி வித்தை யாருக்குத் தேவையோ அவன்தானே அதைக் கண்டுபிடித்திருப்பான். இவ்வளவு நாளாக இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

"அப்ப என் மக சொன்னான்னு நீ சொன்னதெல்லாம்?"

"பாதி கேக்கும்டா."

"மீதி?"

அவன் தரையைப் பார்த்தான். "சின்னப் புள்ள என்னா கேக்கும் மாப்ள? பொம்ம கேக்கும், முட்டாயி கேக்கும், சாப்ட்டியான்னு கேக்கும். நீ அப்புடி மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்ப. எனக்கும் கேக்கலன்னு எப்புடிடா சொல்றது?"

ஓங்கி அறையலாம் என்று கை வந்தது. அறைந்து என்ன ஆகப்போகிறது? இரண்டு செவிடர்கள் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு ரேஸ் கோர்ஸ் சாலையில் நின்றிருக்கிறோம். பிறக்காத ஒரு பிள்ளையை இவன் பேசவைத்திருக்கிறான், நான் அவளைக் கொஞ்சியிருக்கிறேன். என் உண்மை மகள் திரையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, தான் கேட்டதற்குப் பதில் வராமலே வளர்ந்திருக்கிறாள். அந்த முதல் 'அப்பா' மட்டுமாவது நிஜமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

ஊருக்கு அனுப்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போனது போனதுதான், திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றார் டாக்டர். கிரைண்டர் வேலையிலிருந்து எடுத்து சாமான் ஸ்டோரில் போட்டார்கள். ஓவர்டைம் போயிற்று, மாடி எடுப்பது தள்ளிப் போயிற்று. டேங்க் வாசலில் இப்போது பளிச் பளிச்சென்று எரிகிற சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். ஆபத்தென்றால் அது எரியும், எல்லாரும் மேலே ஏறிவிட வேண்டும். அதனால் இரண்டு காதையும் மூடிக்கொள்ளலாம். மயூரா எழுதியதாலா, எங்களுக்குப் பிறகு இன்னும் சிலர் கண்ணை மூடிக்கொண்டதாலா, எனக்குத் தெரியாது. ஒரு விளக்கு வைக்க இத்தனை காதுகள் போக வேண்டியிருந்ததே என்று ஸ்டோரில் உட்கார்ந்து ஸ்பானர்களைத் துடைக்கும்போதெல்லாம் ஆத்திரம் வரும்.

காது மெஷின் வந்தது. இரண்டு காதுக்கும் ஒவ்வொன்று, புளியங்கொட்டை அளவு. போட்டுக்கொண்டு விடுதிக்கு வந்த முதல் நாள் தலை வலித்தது. பிளாஸ்டிக் பை கசங்கினால் காதுக்குள் நெருப்புப் பிடித்தது மாதிரி. ரமீஸ் சாதத்தை மெல்வதுகூடக் கேட்டது. அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் லிட்டில் இந்தியாவுக்குப் போகவில்லை. ஜூரோங் ஏரிக்கரைக்குப் போனேன். தனியாகத்தான். ரமீஸ் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். காலை வெயில் இன்னும் ஏறவில்லை, கரையில் ஆள்நடமாட்டம் குறைவு. மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலே மைனாக்கள் சத்தம் போட்டன. அடடா, இவற்றுக்கு இன்னும் குரல் இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டேன்.

இலக்கியா எடுத்தாள். "கேக்குதாங்க?" என்றாள்.

மெஷின் வழியாக அவள் குரல் கொஞ்சம் தகரம் தட்டியது. ஆனாலும் அவள்தான். கல்யாணமான புதிதில் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்ட அதே குரல். "கேக்குது புள்ள" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, கூப்புடுறேன்" என்று எழுந்து போனாள்.

வீடு முழுக்க எனக்குக் கேட்டது. விசிறி கேட்டது. எங்கோ பாத்திரம் விழுந்தது கேட்டது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தது கேட்டது. இலக்கியாவின் கொலுசு போய், திரும்பி வந்தது. கூடவே இன்னொரு சின்னக் கொலுசும் வந்தது.

ரக்ஷனா திரைக்குள் வந்தாள். வளர்ந்திருந்தாள். கையை ஆட்டவில்லை, போனைப் பிடுங்கவில்லை. அம்மாவின் இடுப்பில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள், வாய் இறுக மூடியிருந்தது.

"ரக்ஷனா" என்றேன். "அப்பாதான்டா. எதாவது பேசுடா தங்கம்."

பேசவில்லை.

"பேசுடி" என்றாள் இலக்கியா. "அப்பாவுக்கு இப்ப கேக்கும்."

அவள் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் காத்திருந்தேன். இவ்வளவு நாள் அவள் பேசினாள், எனக்குக் கேட்கவில்லை. இன்று எனக்குக் கேட்கிறது, அவள் பேசவில்லை. இதுதான் எனக்கு விதித்தது போல என்று நினைத்தேன். ஏரியில் காற்று அடித்தது, மெஷினுக்குள் அது உஸ்ஸென்று இரைந்தது. கையால் காதை மறைத்துக்கொண்டு போனின் மேல் குனிந்தேன்.

அப்போது புடவைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிசான குரல், நுனியில் கொஞ்சம் உடைந்த குரல். கோபத்தில் மூக்கால் வந்தது. கரகரப்பு துளியும் இல்லை.

"அப்பா சும்மா தலைய ஆட்டும்மா. வராதும்மா."

இலக்கியா பதறிப்போனாள். "ஏய், அப்புடில்லாம் சொல்லக் கூடாது. அவ சின்னப் புள்ளைங்க, நீங்க ஒண்ணும்..."

"திட்டாத இலக்கியா, திட்டாத" என்றேன். ரமீஸாக இருந்தால் பொம்மை கேட்டிருப்பான், முட்டாய் கேட்டிருப்பான். இந்த வார்த்தையை அவன் எனக்கு ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டான். இது அவளே சொன்னது. எனக்கே எனக்கென்று சொன்னது.

"ரக்ஷனா, அப்பாவுக்குக் கேட்டுச்சுடா" என்றேன். "இன்னொரு தடவ சொல்லு."

அவள் புடவையை விலக்கி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டாமல் அப்படியே இருந்தேன். அவள் போனுக்கு அருகில் வந்து, இந்த முறை என்னைப் பார்த்தே, இன்னும் பலமாகச் சொன்னாள்.